காப்பும் காப்புறுதியும்

மனிதன் எதை நம்பி இரவிலே கண்ணயர்கிறான் என்னும் வினா மிகப் பழையது. வீட்டுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு இடுப்பு முடிச்சு என்று அவன் ஒன்றன்மேல் ஒன்றாகக் காவல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். நாகரிகம் வளர வளர அக்காவல் வேறு உருவெடுத்தது. வங்கிப் புத்தகம் என்றும், காணி உறுதி என்றும், சேமலாப நிதி என்றும், காப்புறுதிப் பத்திரம் என்றும் அது பெயர் பெற்றது. இவற்றை இகழ்வது என் நோக்கமன்று. மழைக்கு ஒழுகும் லயத்துக் காம்பராவிலே பிறந்து வளர்ந்தவர் எவரும் பணத்தை இகழ்ந்து பேசத் துணியார்.

ஆயினும் ‘காப்புறுதி’ என்னும் சொல்லை எண்ணும்போதெல்லாம் அதனுள்ளே அடங்கிக் கிடக்கும் மற்றொரு சொல் என் நினைவுக்கு வருகிறது. நம் தோட்டங்களிலே மாரியம்மன் திருவிழாத் தொடங்கும் நாளில் மஞ்சள் தோய்த்த நூலைக் கையிலே கட்டுகிறார்களே, அதற்கும் ‘காப்பு’ என்றே பெயர். ஒன்று கொழும்பிலே அச்சடித்து முத்திரை குத்தி வருவது. மற்றது ஒரு சதத்துக்கும் பெறாத நூல். இவ்விரண்டனுள் எது உறுதியானது என்பதை மலைநாட்டின் வரலாறு ஒருமுறையன்று, பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அச்சோதனைகளுள் முதலாவதும் பெரியதுமாகிய கோப்பிக் காலத்து வீழ்ச்சியைப் பற்றியே ஈண்டு விரித்துரைக்க விரும்புகிறேன்.

இன்று அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஒருவன் இருமருங்கும் தேயிலையைத் தவிர வேறொன்றும் காணான். உலகம் தோன்றிய நாள்தொட்டு இம்மலைகளிலே தேயிலைதான் இருந்தது போலும் என்று எண்ணவும் கூடும். உண்மை அதுவன்று. திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் பெருங்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டது கோப்பிக்காக. 1824ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் திறந்தார். அக்காலத்துத் தேசாதிபதியாகிய சேர் எட்வர்ட் பார்ன்ஸ் இம்முயற்சிக்கு ஊக்கமளித்ததோடு நில்லாது தாமும் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதியே தோட்டக்காரரானால் மற்றவர் சும்மா இருப்பரோ? படை அதிகாரிகள், நீதிபதிகள், சமயக் குருமார் சிலர் கூட முடிக்குரிய காணிகளை வாங்கிக் காடு வெட்டலாயினர். 1840களில் இது ஒரு வெறியாகவே மாறியது. 1847இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியினால் விலை சரிந்து பலர் கையிழந்தனர். அது முதலாவது எச்சரிக்கை. ஆனால் விலை மீண்டும் ஏறியதும் எச்சரிக்கை மறந்து போயிற்று.

1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் அந்தர் கோப்பி கப்பலேறியது. 1878இல் கோப்பி பயிரிட்ட நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். கொழும்புத் துறைமுகமும், கண்டிக்கு வந்த புகையிரதப் பாதையும், மலைகளை வளைத்துச் செல்லும் பெருந்தெருக்களும் கோப்பிப் பணத்தின் பலத்திலேயே எழுந்தன. அரசாங்கத்தின் வருமானமும் கோப்பியின் தோளிலேயே சாய்ந்து நின்றது என்று கூறின் மிகையாகாது.

இச்செல்வத்தின் நடுவிலே நோய் எப்போது நுழைந்தது தெரியுமா? மிகச் சிறப்பாக விளைந்த காலத்திலேயே நுழைந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடி படிந்த புள்ளிகள் சில காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் என்பவர் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் காளானியல் அறிஞர் அதனை ஆராய்ந்து ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். இப்பெயரின் பிற்பகுதிக்குப் ‘பாழாக்குவது’ என்பது பொருள். நோய் வெளிப்பட்ட அவ்வாண்டிலேயே அறிஞர் ஒருவர் அதற்குப் பாழாக்குவது என்று பெயர் வைத்துவிட்டார். தோட்டக்காரர்களோ இன்னும் பத்தாண்டுகள் அதனைப் பாராதவர் போலிருந்தனர்!

ஏன் அவ்வாறு இருந்தனர்? வரலாற்றிலே எனக்கு மிகவும் வியப்பளிக்கும் இடம் இதுவே. 1870களில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டு சென்றது. ஏக்கரொன்றுக்குக் கிடைத்த விளைச்சல் பாதியாகக் குறைந்தபோதும் கையில் வந்த பணம் குறையவில்லை. விளைச்சலின் குறையை விலை மூடி மறைத்தது. அதனால் நோயுற்ற பழைய தோட்டத்தைத் திருத்துவதற்குப் பதிலாகச் சிவனொளிபாத மலையின் அடிவாரம் வரையில் புதிய காடு வெட்டினார்கள். முடிக்குரிய காணி ஏலத்தில் முன்னெப்போதுமில்லாத விலைக்குப் போயிற்று. கடன் கொடுக்க வங்கிகளும் ஏசென்சிக் கொம்பனிகளும் இருந்தன. புதிய கன்றோடு நோயும் புதிய மலைக்குச் சென்றது. காற்று அதனை மலைக்கு மலை சுமந்தது. 1880ஆம் ஆண்டு மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே நோய்க்கு வழி செய்தது என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1890களின் தொடக்கத்தில் கோப்பி ஏற்றுமதி 1 இலட்சம் அந்தருக்கும் கீழே இறங்கிற்று.

இந்நோயை ஆங்கிலத்தில் இலைத்துரு என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். மிஷன் பள்ளியொன்றிலே பயின்ற எனக்கு இச்சொல்லைக் கண்டதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. பூமியிலே சேர்த்து வைக்கும் பொக்கிஷத்தைப் பூச்சியும் துருவும் அழிக்கும் என்று இயேசுநாதர் மலைமேலிருந்து போதித்ததாக மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலே வருகிறது. காலை வணக்கத்தில் எத்தனையோ தடவை அதனைக் கேட்டிருக்கிறேன். துரு என்றால் இரும்பிலே பிடிப்பது என்றே அந்நாளில் எண்ணியிருந்தேன். 2,75,000 ஏக்கர் பொக்கிஷத்தைத் துரு தின்றது என்பதைப் பின்னர் சரித்திர நூல்களிலே படித்தபோதுதான் அவ்வசனம் எனக்கு விளங்கியது. டிக்கோயாவில் வார்லி என்னுமிடத்திலுள்ள கல்லாலான சிறு தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. கோப்பியின் பரப்பு உச்சத்தை அடைந்த அதே ஆண்டு! அங்கே ஞாயிறுதோறும் கூடிய துரைமாரும் இவ்வசனத்தைக் கேட்டிருப்பர். அவர்கள் எல்லாரும் கடவுளை மறந்தவர்கள் என்று சொல்வது நீதியன்று. அத்தேவாலயத்தைச் சூழ்ந்துள்ள கல்லறைகளிலே இளம் வயதில் இறந்தவர் பலர். தாய் தந்தையரைப் பிரிந்து வந்து, காய்ச்சலிலும் கழிச்சலிலும் மாண்டவர்கள். அவர்களுக்காகவும் மனம் இரங்கவே செய்கிறது.

நிற்க. துரு இலையைத் தின்றது மெதுவாக. வங்கி விழுந்ததோ ஒரே நாளில். அந்நாளிலே கீழைத்தேச வங்கி எனப்படும் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் இலங்கையின் மிகப் பெரிய வங்கியாக விளங்கியது. 1851இல் அரச பட்டயம் பெற்றது. பம்பாய், இலண்டன், ஹொங்கொங் என்று பல துறைகளிலே கிளை விரித்தது. இலங்கையிலே வழங்கிய நோட்டுகளிற் பெரும்பாலானவை அவ்வங்கி அச்சிட்டவையே. அரசாங்கம் அப்போது நோட்டு வெளியிடவில்லை. கோப்பித் தோட்டங்களை ஈடாகப் பிடித்து அவ்வங்கி ஏராளமாகக் கடன் கொடுத்திருந்தது. ஈடே பாழானபின் கடன் எப்படித் திரும்பும்? 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி அவ்வங்கி இலண்டனிலே கதவை அடைத்தது. தந்தி மூலம் செய்தி கொழும்பை அடைந்ததும் நாடெங்கும் பீதி பரவிற்று. நேற்றுவரை பணமாக இருந்தது இன்று வெறுங்காகிதம். கடைவீதியில் வியாபாரி அதனை வாங்க மறுத்தால் அரிசி ஏது? கூலி கொடுப்பது எவ்வாறு? தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் தம் பொறுப்பிலேயே அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் உத்தரவாதம் என்று அறிவித்துப் பெருங்கேட்டைத் தடுத்தார். இலங்கை அரசாங்கம் தானே நோட்டு வெளியிடத் தொடங்கியது இதன் விளைவே. ஆனால் அந்த உத்தரவாதம் நோட்டுக்கு மட்டுமே. வங்கியில் வைப்புச் செய்தவர்களுக்கு அன்று.

அதே 1884ஆம் ஆண்டிலேதான் புகையிரதம் முதன்முதலாக அட்டனை வந்தடைந்தது. கோப்பி மூட்டைகளை ஏற்றிச் செல்வதற்கென்று மலையைக் குடைந்தும் பாலங்கட்டியும் எத்தனையோ உயிர்களைப் பலிகொடுத்தும் போட்ட பாதை. வண்டி வந்தது, கோப்பி இல்லை.

இதுவரை சொல்லியது செல்வர்களின் கதை. அதே மலையில், அதே ஆண்டுகளில், வேறொரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு வங்கியுமில்லை, ஈடுமில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தினாலும் சாதிக் கொடுமையினாலும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்த நம் முன்னோரைத்தான் சொல்கிறேன். வழியிலே கொள்ளை நோயாலும் பசியாலும் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். எஞ்சியவர் மாத்தளையை அடைந்ததும் முதலிற் செய்தது யாது? அம்மனைக் கும்பிட்டது. இன்று ஐந்து தேர் ஓடும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழியின் முடிவிலே நிற்கிறது.

மலைக்கு வரும்போதே அவர்கள் கடனாளிகள். வழிச்செலவு என்று கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் தலையிலே ஏறியிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அக்கடனை ஏற்றுக்கொள்ளும் துரை கிடைத்தாலன்றி அவர்கள் நகர முடியாது. 1921இல்தான் இத்துண்டு முறை சட்டத்தினால் ஒழிந்தது. பணமுடையவனுக்குச் சொத்து காப்பாக இருந்தது என்றால் இவர்களுக்குக் கடனே விலங்காக இருந்தது. இவர்களிடம் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது பிழை. கோப்பி விழுந்தபோது இவர்களும் இழந்தார்கள். துரைமார் திவாலாகித் தோட்டங்கள் கடன்கொடுத்தோர் கைக்கு மாறியபோது பல மாதக் கூலி நின்றுபோயிற்று. இக்கொடுமை பெருகியதனாலேதான் 1884இல், தொழிலாளியின் கூலியே தோட்டத்தின்மேல் உள்ள முதற் கடன் என்று அரசாங்கம் சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் வருமுன் கைவிடப்பட்டவர்களின் கணக்கை எந்தச் செக்றோலிலும் காண முடியாது.

அந்நிலையில் அவர்களுக்கு இருந்தது என்ன? ஒரு மரம், மரத்தடியில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள், குங்குமம், பக்கத்தில் ஒரு சூலம். அவ்வளவே. கோப்பிக் காலத்திலே நம்மவர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிச் செல்வது வழக்கம். அதனால் கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த ஆண்டு வந்து தேடிப் பார்ப்பார்கள். தேயிலை வந்தபின்பே ஆண்டு முழுவதும் வேலை உண்டாகி, குடும்பத்தோடு நிலைத்தார்கள். கல்லின்மேல் தகரக் கூரை எழுந்தது, பின்னர் சுவர் எழுந்தது, பின்னர் கோபுரம். எந்தத் தோட்டத்துக் கோயிலின் கதையைக் கேட்டாலும் பெரும்பாலும் இவ்வரிசையே. அம்மனோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவுமில்லை. கவ்வாத்து வெட்டப் போகுமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு அஞ்சி ரோதை முனிக்குப் பொங்கல் வைத்தார்கள். படித்தவர்கள் இதைக் கண்டு சிரிப்பதுண்டு. நானும் ஒரு காலத்திலே சிரித்தேன். ஓர் இயந்திரத்தின் வாயிலே கை போய்விடுமோ என்று நித்தம் அஞ்சி வேலை செய்தவனுக்குக் காப்புறுதிப் பத்திரம் கொடுக்க அந்நாளில் எவரும் முன்வரவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

தேயிலையைப் பற்றி ஒரு சொல். 1867ஆம் ஆண்டில் ஹேவாஹெட்டவைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். 1890களின் இறுதியில் அது 3 இலட்சம் ஏக்கருக்கு மேற் பெருகிற்று. அச்செல்வத்துக்கு வித்திட்டவர் பதினாறு பதினேழு வயதில் வந்து நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்திலேயே உழைத்தார். முடிவில் கொம்பனி அவரைத் தோட்டத்தை விட்டு நீங்குமாறு பணித்தது. அவர் நீங்கவில்லை; 1892ஆம் ஆண்டு அங்கேயே நோயுற்று இறந்தார். அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளரே தோள் மாற்றித் தோள் மாற்றிக் கண்டி வரையில் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். அவரைச் ‘சாமி துரை’ என்று அவர்கள் அழைத்தனர் என்பர். செல்வத்தைத் தோற்றுவித்தவனுக்கே செல்வம் புகலிடம் தரவில்லை. சவத்தைச் சுமந்தவர்கள் எதுவுமற்றவர்கள்.

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஐயம் எழும். என்னோடு பல்கலைக்கழகத்தில் பயிலும் நண்பர் ஒருவர் இதனை என் முகத்துக்கு நேரே கேட்டார். “கடவுளே காப்பு என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மவரை இருநூறு ஆண்டுகள் லயத்திலே வைத்திருந்தார்கள்? கோயிலுக்கு இடங்கொடுத்த துரை ஏன் வீட்டுக்கு இடங்கொடுக்கவில்லை?” என்றார். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று இது. கோயில் கட்டக் காணியும் தகரமும் கொடுத்த துரைமார் எல்லாரும் பக்தியினால் கொடுக்கவில்லை. திருவிழா உள்ள தோட்டத்தை விட்டு ஆட்கள் ஓடமாட்டார்கள் என்னும் கணக்கும் அதிலே இருந்தது. இறைவனிடம் அடைக்கலம் புகுவது என்றால் கூலியைக் கேளாதிருப்பது, காணியைக் கேளாதிருப்பது என்று பொருள் கொண்டால், அத்தகைய அடைக்கலம் நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் நம் சமயம் அப்படிச் சொல்லவில்லை. திருநாவுக்கரசர் வரலாற்றை நாம் அரைகுறையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். திருப்புகலூரிலே அவர் உழவாரப் படையினாற் புல்லைச் செதுக்கும்போது பொன்னும் மணியும் நிலத்திலே கிடந்தன. அவர் புல்லையும் மணியையும் வேறுபாடின்றி வாரிக் குளத்திலே எறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. புல்வெட்டு என்னும் வேலையை நம் தோட்டத்திலே அறியாதவர் இல்லை. ஆகவே இக்கதை நமக்கு மற்றவர்களைவிட நெருக்கமானது. இதனை மட்டும் சொல்லி, பொருளாசை வேண்டா என்று முடிப்பவர் பலர். இதே நாவுக்கரசர்தான் பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது வர மறுத்தவர். சுண்ணாம்புக் காளவாயிலும், நஞ்சிலும், யானையின் காலடியிலும், கல்லோடு கட்டிய கடலிலும் அஞ்சாதவர். மணியைக் குளத்தில் எறிந்த கையும் மன்னனுக்குப் பணியாத தலையும் ஒருவருடையனவே. எதை இழப்போமோ என்று அஞ்சுகிறவனைத்தான் அரசன் ஆட்டுவிக்க முடியும். இறைவனைக் காப்பாகக் கொண்டவனிடம் பறிப்பதற்கு அரசனுக்கு என்ன இருக்கிறது?

லூல்கந்துரத்தை அடுத்துள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கோவிந்தன் என்பவர் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். வேலைநிறுத்தம் செய்த அம்மக்களும் காப்புக் கட்டி வளர்ந்த மக்களே. பக்தி அவர்களைக் கோழையாக்கிவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா என்றேன். நண்பர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கத்தின் வேலையைச் சாமியின் கணக்கில் எழுதுகிறாய் என்று நகைத்தார். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

பின்வந்த சோதனைகளைச் சுருங்கச் சொல்கிறேன். நிலமும் வங்கியும் போகட்டும், பிறந்த நாடு என்னும் உரிமையாவது உறுதியானதா என்றால், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அதனையும் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு பத்தாண்டு கழித்து முடிந்தது. செல்வோர் தம் சேமலாப நிதி உட்பட உடைமைகளைக் கொண்டு செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது என்றும் அவ்வொப்பந்தத்திலே ஒரு வாசகம் உண்டு. மூன்று தலைமுறை உழைப்புக்கு ஓர் ஒப்பந்தம் உறுதியளித்த எல்லை அது! மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு நம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். போனவர் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்திலே மறுபடியும் தேயிலைக்கே சென்றார்கள். அங்கும் கோயில் எழுப்பினார்கள். இங்கே, 1975இல் ஸ்ரேர்லிங் கொம்பனிகளின் தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. நூறாண்டு நிலைத்திருந்த கொம்பனிப் பெயர்கள் பலகையிலிருந்து அழிந்தன. பிரசாவுரிமைத் துன்பம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது.

இறுதியாக நானே கண்ட ஒன்று. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நம் அரசாங்கம் அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்றுக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபா மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ஆயிற்று. 1884இல் வங்கி கதவை அடைத்தது. 2022இல் எந்த வங்கியும் கதவை அடைக்கவில்லை. புத்தகத்திலுள்ள எண் அப்படியே இருந்தது. ஆனால் அவ்வெண்ணைக் கொண்டு வாங்கக்கூடிய கோதுமை மாவின் அளவு மூன்றிலொன்றாகச் சுருங்கியது. என் அம்மாயி முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். சேமலாப நிதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு குசினி கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அவ்வாண்டு முடியுமுன் அப்பணம் குசினியின் கூரைக்கும் போதாதென்றாயிற்று.

அந்த ஆண்டுத் திருவிழாவை நிறுத்திவிடலாமா என்று எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டி கூடிப் பேசியது. சந்தா சேரவில்லை, மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்க வழியில்லை, டீசல் இல்லாததால் தேருக்கு விளக்கு இல்லை. நிறுத்துவதே அறிவு என்று இளைஞர் சொன்னோம். நானும் அக்கட்சியே. மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாயி எழுந்து, “தலைவரே, மேளம் வேணாம், சீரியல் லைட்டு வேணாம். காப்பு கட்டாம மட்டும் வுட்றாதீங்க. நூலுக்கு என்ன வெல ஏறிப்போச்சு?” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. பறை ஒன்று, கரகம் ஒன்று, வாழைப்பழமும் சர்க்கரைத் தண்ணீரும். மூன்று நாளில் திருவிழா முடிந்தது. ஆனால் அம்மூன்று நாளும் கோயில் வாசலிலே எல்லா லயத்து அடுப்புகளிலிருந்தும் வந்த அரிசி ஒரே பானையில் வெந்தது. தேயிலை மலையில் உரமில்லை, வேலை குறைவு என்று வீட்டுக்குள்ளே முடங்கியிருந்த குடும்பங்கள் எவை என்பதும் அங்கேதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதன்பின் கமிட்டி ஒரு பானையை மாதக்கணக்கில் இறக்கவில்லை. குசினிப் பணத்தைப் பற்றி அம்மாயி எப்போதாவது பெருமூச்சு விடுவதுண்டு; அவரும் மனுஷிதானே. ஆனால் அவர் அஞ்சி நான் கண்டதில்லை. அவரைவிடப் பத்து மடங்கு பணம் வைத்திருந்தவர்கள் அந்நாட்களில் உறக்கமின்றித் தவித்ததை அட்டன் நகரத்திலே கண்டிருக்கிறேன்.

கோயிற் கட்டடத்தையே காப்பென்று யாரும் மயங்க வேண்டா. அட்டனுக்கு அப்பால் மஸ்கெலியாவிலே மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீருக்குள் மூழ்கியது. கடைவீதி மூழ்கியது, பௌத்த விகாரையும், பள்ளிவாசலும், முருகன் கோயிலும் மூழ்கின. மக்கள் மேட்டிலே புதிய நகரமும் புதிய கோயிலும் அமைத்துக்கொண்டனர். மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளில் அப்பழைய கோயிலின் சுவர்கள் சேற்றிலிருந்து மேலெழும்பும். விகாரையும் பள்ளிவாசலும் அருகே தலைகாட்டும். செய்தியறிந்து சுற்றிலுமுள்ள தோட்டங்களிலிருந்து பார்க்க வருவார்கள்.

அப்படியொரு வரட்சியில் நானும் சென்றிருந்தேன். பழைய கடைவீதி இருந்த இடத்தைத் தடவித் தடவி இரண்டு முதியவர்கள் தேடிக்கொண்டிருந்தனர். இங்கேதான் நகைக்கடை, இங்கேதான் அடகுக்கடை என்று ஒருவர் காட்டினார். அங்கே வெடித்த சேறுதான் இருந்தது. பின்னர் இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தனர். மூலத்தானத்தில் விக்கிரகம் இல்லை, கூரை இல்லை, பாசி படிந்த கல் மட்டும் இருந்தது. ஒருவர் மடியிலிருந்து கற்பூரம் எடுத்தார். காற்று பலமாக வீசிற்று. மற்றவர் குனிந்து இரு கைகளாலும் அதற்கு மறைப்புக் கட்டினார்.